கட்டளைவரி நிகழ்வு கேட்கும் தொகுதிக்கு விதி: மூலமும் உரையும்

மூலம்

கட்டளை வரியின் எழூஉம் நிகழ்வைக்
கேட்குந் தொகுதி கிளக்குங் காலைப்
பெயரறிந்து பதிந்து முறையறிந்து நின்று
வருவோர் இல்லா வாயில் அதுவெனத்
தனக்கு வேண்டுவ தானே கொணர்ந்து
தன்பாற் கரந்தவை தானே துடைத்துச்
செய்வது முன்னரே செப்பித் தகாதெனின்
தொடங்கா முன்னர்த் தடுத்து முடிவில்
எண்ணால் உண்மை இயம்பல்
கடனே என்ப கற்றறிந் தோரே.

உரை

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், ட்ரூபல் என்னும் உள்ளடக்க மேலாண்மை அமைப்பின்கண், கட்டளைவரியினின்று எழும் நிகழ்வுகளைக் கேட்டு உடன் இயங்கும் தொகுதி எவ்வாறு ஒழுகல் வேண்டும் என்பது உணர்த்துதல் நுதலிற்று.

இதன் திரண்ட பொருள்: கட்டளைவரியிலிருந்து எழும் நிகழ்வைக் கேட்கின்ற தொகுதியைச் சொல்லுமிடத்து, அந்நிகழ்வின் பெயரைப் பிழையற அறிந்து தன்னைப் பதிந்துகொண்டு, தன் முறை இன்னது என அறிந்து நின்று, இது வருகையாளர் இல்லாத வாயில் என உணர்ந்து, தனக்கு வேண்டியவற்றைத் தானே கொண்டுவந்து, தன்னிடம் மறைவாக உள்ள பிறர் தகவல்களைத் தானே துடைத்து, செய்யப்போவதை முன்னரே சொல்லி, செய்யத் தகாதாயின் வினை தொடங்கும் முன்னரே தடுத்து, வினை முடிவில் வெளியேறும் எண்ணால் உண்மையைச் சொல்லுதல் அதற்குக் கடமை என்று சொல்லுவர் கற்றறிந்தோர் என்றவாறு.

பதப்பொருளுக்கு முன் கற்போர் அறியவேண்டுவன சில உள. ட்ரூபலாவது ட்ரீஸ் பைட்டார்ட் என்பவர் தொடங்கி 2001-இல் வெளியிட்ட பிஎச்பி மென்பொருள். தொகுதியாவது அதனோடு சேர்ந்து அதன் திறனை விரிக்கும் கூறு. வழக்கில் மாட்யூல் எனப்படும். ட்ரஷ் ஆவது ட்ரூபலுக்கெனவே வளர்ந்த கட்டளைவரிக் கருவி. 2015 நவம்பரில் வெளியான ட்ரூபல் 8, சிம்ஃபனி என்னும் பிஎச்பி நூலகத்தின் பல கூறுகளைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. ட்ரஷ்ஷும் தன் ஒன்பதாம் பதிப்பு முதல் சிம்ஃபனி கன்சோலின் மேல் நிற்கிறது. இவ்விரண்டின் சேர்க்கையாலேயே நிகழ்வு, கேட்பான், முறைமை என்னும் சொற்கள் இத்துறையில் நிலைபெற்றன என்க.

"கட்டளை வரியின் எழூஉம் நிகழ்வை" என்பது.

கட்டளை வரியாவது டெர்மினலில் எழுத்தால் ஏவலிடும் இடம். 'வரியின்' என்புழி இன் ஐந்தாம் வேற்றுமை நீங்கற்பொருட்கண் வந்தது. வரியினின்றும் நீங்கி எழுவது நிகழ்வு ஆதலின். 'எழூஉம்' என்பது அளபெடை. கட்டளை ஒன்றே, அது நடந்து செல்லும் வழியில் எழுவன பல. ட்ரஷ் கான்ஃபிக்:இம்போர்ட் என ஒருவர் எழுதியது ஒரு வரி. அது முடியும் முன் கட்டளை தொடங்குகிறது என்றொரு நிகழ்வும், உள்வரும் அமைப்புகள் சரியோ எனச் சோதிக்க என்றொரு நிகழ்வும், உள்ளேறின என்றொரு நிகழ்வும், கட்டளை முடிந்தது என்றொரு நிகழ்வும் எழுகின்றன. ஓசை நீண்டது அந்நெடுமையைக் காட்டுதற்கு.

'நிகழ்வை' என ஒருமையாற் கூறினாரேனும் சாதியொருமை எனக் கொள்க. அவை மூவிடத்துப் பிறக்கும். சிம்ஃபனி கன்சோல் தானே அறிவிப்பன ஒருவகை: கட்டளை தொடங்குதல், பிழைபடுதல், முடிதல் முதலாயின. ட்ரஷ் தன் கட்டளைகளைச் சூழ வைத்துள்ள ஹுக் என்னும் கொக்கிகள் இரண்டாம் வகை: சரிபார்த்தல், கட்டளைக்கு முன், கட்டளைக்குப் பின் என வருவன. ட்ரூபலின் கருவிலேயே பிறந்து, கட்டளைவரியால் ஏவினும் உலாவியால் ஏவினும் ஒருங்கே எழுவன மூன்றாம் வகை. அமைப்பு இறக்குமதி நிகழ்வு அத்தகையது. இம்மூன்றனுள் எது தனக்கு வேண்டும் எனத் தெரியாமல் எழுதத் தொடங்குவோர், உலாவிக்கும் பொதுவான ஒன்றைக் கட்டளைவரிக்கே உரியதென மயங்குவர். அம்மயக்கம் பின் நான்காம் அடியில் வந்து துன்புறுத்தும்.

"கேட்குந் தொகுதி கிளக்குங் காலை" என்பது.

கேட்கும் என்பது பெயரெச்சம். ஏவும் தொகுதி என்னாது கேட்கும் தொகுதி என்றமையால், கட்டளை பிறருடையது என்பதும், அதன் மூல நிரலைத் திருத்தாமல் அதன் அருகே நிற்பதே தொகுதிக்கு இயல்பு என்பதும் பெறப்பட்டன. ட்ரஷ்ஷின் கோப்பையோ ட்ரூபல் கருவின் கோப்பையோ கைவைத்துத் திருத்தினோர், அடுத்த கம்போசர் அப்டேட்டில் அத்திருத்தம் முழுதும் அழிவதைக் காண்பர். 'தொகுதி' என்புழி இரண்டனுருபு தொக்கது. தொகுதியைக் கிளக்குங்காலை என விரிக்க.

"பெயரறிந்து பதிந்து" என்பது.

அறிதலை முன்னும் பதிதலைப் பின்னும் வைத்தார், அறியாது பதிதல் பயனின்மையின். பதியும் முறை இருவகைத்து. ட்ரூபலின் நிகழ்வாயின், தொகுதியின் சர்வீசஸ் கோப்பில் ஒரு கிளாஸைச் சேவையாக எழுதி, அதற்கு ஈவண்ட் சப்ஸ்கிரைபர் என்னும் டேக் இட்டு, அக்கிளாஸினுள் கெட்-சப்ஸ்கிரைப்ட்-ஈவண்ட்ஸ் என்னும் ஃபங்ஷனில் இன்ன நிகழ்வுக்கு இன்ன மெத்தட் எனக் குறித்தல். ட்ரஷ்ஷின் ஹுக்காயின், தொகுதியின் சோர்ஸ் அடைவினுள் ட்ரஷ் என்றும் அதனுள் கமாண்ட்ஸ் என்றும் அமைந்த அடைவில் கிளாஸை வைத்து, மெத்தடின் தலையில் அட்ரிபியூட்டால் ஹுக்கின் வகையையும் இலக்காகிய கட்டளையின் பெயரையும் எழுதுதல். முன்னர் இதற்கு ட்ரஷ்-சர்வீசஸ் எனத் தனிக்கோப்பு வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் பதிப்பில் அது விலக்கத் தக்கதெனக் குறிக்கப்பட்டுப் பதின்மூன்றாம் பதிப்பில் ஒழிந்தது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அக்கோப்பை எழுதிவிட்டுத் தம் ஹுக் இயங்கவில்லையே என மயங்குவோர் இதனைக் கடைப்பிடிக்க.

'பெயர்' என விதந்து ஓதியது என்னை எனின், நிகழ்வின் பெயரில் ஓரெழுத்துப் பிழைபடினும் அமைப்பு ஒன்றும் சொல்லாது. இல்லாத நிகழ்வுக்குப் பதிந்தோரை ட்ரூபல் தடுப்பதில்லை. அந்நிகழ்வு என்றும் எழாது, அம்மெத்தட் என்றும் இயங்காது, பிழைச்செய்தியும் வாராது. ஆதலின் பெயரை எழுத்துக்கோவையாக மேற்கோட்குறியினுள் எழுதாது, அதற்கென வகுத்த கான்ஸ்டன்ட்டால் எழுதுக. கான்ஸ்டன்ட்டின் பெயர் பிழைத்தால் பிஎச்பி அக்கணமே பிழை காட்டும். ஊமையாகக் கிடக்கும் பிழையைப் பேசும் பிழையாக மாற்றுவது இச்சிறு வழக்கம்.

"முறையறிந்து நின்று" என்பது.

ஒரே நிகழ்வைப் பலர் கேட்பர் ஆதலின் யார் முன், யார் பின் என்பது எண்ணால் வரையறுக்கப்படும். பெரிய எண் உடையது முன் இயங்கும். எண் சொல்லாதது சுழியம் எனக் கொள்ளப்படும். ட்ரஷ்ஷின் ஹுக்குகளுக்கோ வரிசை பெயரிலேயே அமைந்தது. சரிபார்ப்பு முன், கட்டளை இடை, பின்வினை கடை. பிறவும் உள. அவற்றின் விரிவு ட்ரஷ்ஷின் ஆவணத்துள் கண்டுகொள்க.

"வருவோர் இல்லா வாயில் அதுவென" என்பது.

இந்நூற்பாவின் உயிர் இவ்வடியில் உள்ளது. உலாவி வழி ஒரு பக்கம் கேட்கப்படும்போது ஒருவர் வருகிறார். அவருக்கு ஒரு முகவரி, ஒரு செஷன், ஒரு பயனர்பெயர், அவர் தட்டிய தளத்தின் பெயர் என யாவும் அவரோடு வருகின்றன. கட்டளைவரி அவ்வாறு ஒருவரும் வாராத வாயில். 'என' என்பது என உணர்ந்து என ஒரு சொல் வருவிக்க நின்றது. அவ்வுணர்வின்மையே பெரும்பாலான பிழைகட்கு வித்து ஆகலின்.

வருவோர் இன்மையால் விளைவன யாவை எனின், முதலாவது, பக்கம் கேட்கப்பட்டது என்னும் கர்னல் ரெக்வெஸ்ட் நிகழ்வு எழாது. மொழியையோ தேர்ந்த பிரிவையோ அந்நிகழ்வில் அமைத்துவைத்து, பின் எங்கும் அஃது உண்டென நம்பி எழுதிய தொகுதி, ட்ரஷ் வழி இயங்கும்போது வெறுமையைக் கண்டு வீழும்.

அஃதேல், ரெக்வெஸ்ட் உண்டா இல்லையா எனப் பார்த்துக் கட்டளைவரியை அறியலாகாதோ எனின், ஆகாது. ட்ரஷ் ட்ரூபலை எழுப்பும்போது தானே ஒரு ரெக்வெஸ்டைப் புனைந்து வைக்கும். ரெக்வெஸ்ட் உளது, அதனைக் கேட்டவர் இலர். நிகழ்வு எழாமையும் ரெக்வெஸ்ட் உளதாதலும் ஒருங்கே நிற்கும் இவ்விடத்தைக் கற்போர் இருமுறை ஓதி மனங்கொள்க.

இரண்டாவது, தளத்தின் பெயர். கட்டளை இட்டோர் யூஆர்ஐ சொல்லாராயின், புனைந்த அந்த ரெக்வெஸ்டில் தளப்பெயர் டிஃபால்ட் என்றே நிற்கும். இரவில் கிரான் வழி ட்ரஷ் இயங்க, தொகுதி உறுப்பினர்க்கு நினைவூட்டு அஞ்சல் அனுப்புகிறது என்க. அஞ்சலுள் இணைப்பு, எச்டிடிபி எனத் தொடங்கி இருகோட்டின் பின் டிஃபால்ட் என்று நிற்க, அதன்பின் நோடு எண் வரும். அஞ்சலைப் பெற்றவர் சொடுக்கின் எங்கும் செல்லாது. அனுப்பியவர் பக்கம் ஒரு பிழையும் பதிவாகாது. அஞ்சல் சென்றது சென்றதே. இதற்குத் தீர்வு ட்ரஷ்ஷின் அமைப்புக் கோப்பில் யூஆர்ஐயை ஒருமுறை எழுதிவைத்தல், அன்றேல் கட்டளைதோறும் யூஆர்ஐ என்னும் விருப்பத்தைச் சேர்த்தல்.

மூன்றாவது, பயனர். ட்ரஷ் வழி இயங்குங்கால் நடப்புப் பயனர் எண் சுழியம், அஃதாவது பெயரிலி. முன்னர்ப் பயனரைக் குறிக்கும் விருப்பம் ஒன்று ட்ரஷ்ஷில் இருந்தது. ஒன்பதாம் பதிப்பில் அது நீங்கிற்று. எனவே அனுமதி சோதிக்கும் வினவல் ஒவ்வொன்றும் பெயரிலி காணத்தக்கவற்றையே தரும். வெளியிடப்படாத கட்டுரைகளையும் எண்ணவேண்டிய தொகுதி, வெளியானவற்றை மட்டும் எண்ணிவிட்டு, முடிந்தது என மகிழும். ட்ரூபல் பத்தாம் பதிப்பு முதல் என்டிட்டி வினவலில் அக்சஸ்-செக் என்பதை உண்டு என்றோ இல்லை என்றோ வெளிப்படச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிடின் எக்செப்ஷன் எழும். இக்கட்டாயத்தைச் சுமையெனக் கருதுவோர் உளர். ஈண்டுக் கூறியதனை உணர்ந்தோர்க்கு அது நன்மையே.

நான்காவது, கோப்பின் உரிமை. ட்ரஷ்ஷை இயக்கியவர் சர்வரின் ரூட் ஆயின், அக்கணத்தில் பிறந்த கோப்புகள் யாவும் ரூட்டின் உடைமை ஆகும். பின் இணைய சர்வர் அவற்றைத் திருத்தவோ அழிக்கவோ இயலாது தவிக்கும். ட்விக் டெம்ப்ளேட்டுகளின் தொகுத்த கோப்புகள் இதில் அடிக்கடி அகப்படும்.

கால வரம்பு கட்டளைவரியில் இயல்பாகச் சுழியம், அஃதாவது வரம்பே இல்லை என்பதும் அறிக. உலாவியில் நின்றுவிடும் முடிவிலாச் சுழல் இங்கு நில்லாது ஓடும்.

இனி, பிஎச்பியின் இயக்கச் சூழல் சிஎல்ஐ எனக் கண்டு, ஆயின் இவ்வாறு, அன்றாயின் அவ்வாறு எனக் கிளை பிரித்தல் எளிதன்றோ எனின், அற்றன்று. பிஎச்பியூனிட் கொண்டு செய்யும் சோதனைகளும் அச்சூழலிலேயே இயங்குவன. ஆங்கு உலாவி வழியின் நடத்தையைச் சோதிக்கப் புகுந்தோர் கட்டளைவரிக் கிளையையே சோதித்து மீள்வர். சூழலைக் கேட்டுக் கிளைத்தலின் வேண்டுவதைக் கொணர்தலே முறை. அதனாலன்றே அடுத்த அடி பிறந்தது.

"தனக்கு வேண்டுவ தானே கொணர்ந்து" என்பது.

'தானே' என்புழி ஏகாரம் பிரிநிலை. சூழல் தரும் என நில்லாது தானே என்றவாறு. வேண்டுவனவாவன சேவைகள், பயனர், தளப்பெயர் என்பன. சேவைகளைக் கிரியேட் மெத்தட் வழியாகவோ ஆட்டோவயர் வழியாகவோ கன்ஸ்ட்ரக்டரில் பெற்றுக்கொள்க. ஒரு வினையைக் குறிப்பிட்ட பயனராக இருந்து செய்தல் வேண்டின், அக்கவுண்ட்-ஸ்விட்சர் என்னும் சேவையால் மாறிச்சென்று, வினை முடிந்தவுடன் மீள்க. மீளுதலை ஃபைனலி என்னும் பகுதியுள் எழுதுக. இடையே எக்செப்ஷன் எழினும் மீளல் தவறாமைப் பொருட்டு. மீளாது விட்டால், அதே இயக்கத்தில் பின்வரும் பிற தொகுதிகள் மேலாளரின் அனுமதியோடு இயங்கும். அத்தீங்கு கண்ணுக்குத் தோன்றாதது, ஆதலின் மிகக் கொடிது.

"தன்பாற் கரந்தவை தானே துடைத்து" என்பது.

கரந்தவை என்பது மறைத்து வைக்கப்பட்டவை. ஈண்டுத் தளத்தை நம்பிப் பிறர் தந்த பெயர், தொலைபேசி எண், முகவரி முதலாயின. துடைத்தலாவது உண்மைத் தரவுத்தளத்தின் படியை நிரலாளர் தம் கணினிக்கு எடுத்துச் சென்றபின், அப்படியில் இவற்றை மாற்றிவிடுதல். இதற்கென ட்ரஷ் வைத்த கட்டளை எஸ்க்யூஎல்:சானிடைஸ். அது பயனர் மின்னஞ்சல்களை, 'யூசர்' என்னும் சொல்லும் பயனர் எண்ணும் கொண்ட பொய்முகவரிகளாக ஆக்கும், கடவுச்சொற்களை மாற்றும், செஷன் டேபிளை வெறுமையாக்கும், பயனரோடு ஒட்டிய எழுத்துப் புலங்களைப் பொய்யெழுத்தால் மாற்றும், பின்னூட்டத்தில் பெயரிலிகள் தந்த அஞ்சல்களை நீக்கும்.

இங்ஙனம் ட்ரஷ்ஷே துடைப்பின் தொகுதிக்குத் துடைக்கும் கடன் என்னை எனின், ட்ரஷ் அறிந்தவை ட்ரூபல் கருவின் டேபிள்களே. தொகுதி தானே படைத்த டேபிளில் எது ரகசியம், எது ரகசியமன்று எனத் தொகுதி ஒன்றே அறியும். ஆகலின் இரண்டாவது 'தானே' என்பது முன்னையதின் வேறு. ஆண்டுப் பிறர் தாராமை பற்றியும், ஈண்டுப் பிறர் அறியாமை பற்றியும் வந்தது.

இது நிகழும் வகையை ஓர் எடுத்துக்காட்டாற் காட்டுதும். ஒரு தொகுதி பயிலரங்குக்குப் பெயர் பதிவோரைத் தன் டேபிளில் வைத்துள்ளது. ஒவ்வொரு நிரையிலும் பெயர், கைப்பேசி, உணவுத் தேர்வு என மூன்று. அத்தொகுதி சானிடைஸ் கட்டளைக்குப் போஸ்ட்-கமாண்ட் ஹுக் ஒன்று எழுதுக. அம்மெத்தட் டேபிளைத் திறந்து, பெயரை 'பதிவாளர்' என்னும் சொல்லோடு வரிசை எண் சேர்த்தும், கைப்பேசியைப் பத்திலக்கப் பொய்யெண்ணாலும் மாற்றுக. நிரைகளை அழித்தல் ஆகாது. பதிந்தோர் இத்துணையர் என்பதும் உணவுத் தேர்வு எவ்வாறு பகுந்தது என்பதும் நிரலாளர்க்கு வேண்டும். வேண்டாதது யார் என்பதே. பொய்யெண் அதே நீளமுடையதாய் இருத்தலும் இன்றியமையாதது. படிவத்தின் சரிபார்ப்பு அதனை ஏற்றுக்கொள்ளும் பொருட்டு.

கரந்தவை எனப் பன்மையாற் கூறினமையால், ஒன்று ஒளிந்துள்ள இடம் பல என்பதும் உய்த்துணர வைத்தார். கட்டுரைக்கு ஒட்டிய தொலைபேசிப் புலம் ஒன்று உண்டாயின், அதன் மதிப்பு நடப்பு டேபிளிலும் உண்டு, திருத்த வரலாற்றின் டேபிளிலும் உண்டு. முன்னதைத் துடைத்துப் பின்னதை மறந்தோர் ஒன்றும் துடைத்திலர். அனுப்பக் காத்திருக்கும் அஞ்சல்களைக் க்யூ டேபிள் தன் தரவுப் புலத்தில் முழுமுகவரியோடு சுருட்டி வைத்திருக்கும். வாட்ச்டாக் டேபிள் வந்தோர் ஐபி எண்ணைக் காக்கும். கேஷ் டேபிள்களில் பழைய என்டிட்டிகள் அப்படியே கிடக்கும். ஆதலின் துடைத்தபின் கேஷை மீளக் கட்டுக. இவ்விடங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று காண்பதே இத்தொழிலில் அறம் எனத் தக்கது. மடிக்கணினி ஒன்று தொடர்வண்டியில் மறக்கப்படுங்கால் இழக்கப்படுவது நிரலாளரின் உடைமை மட்டும் அன்று. அதனுள் துடைக்கப்படாத படி இருப்பின், தளத்தை நம்பித் தம் எண்ணைத் தந்த ஒவ்வொருவரின் உடைமையும் உடன்செல்லும்.

"செய்வது முன்னரே செப்பி" என்பது.

அஃதேல், துடைத்தலை முன் வைத்துச் செப்புதலைப் பின் வைத்தது முறை பிறழ்தல் அன்றோ எனின், துடைத்தலின் சிறப்பு நோக்கி முன் வைத்தார். செயல்முறைக்கண் தடுத்து, செப்பி, துடைத்து என மொழிமாற்றிக் கூட்டுக. 'முன்னரே' என்னும் சொல்லே அக்கூட்டுதற்குக் கருவியாய் நின்றது.

மேற்கூறிய சானிடைஸ் கட்டளை, வினை தொடங்கும் முன் எஸ்க்யூஎல்-சானிடைஸ்-கன்ஃபர்ம்ஸ் என்னும் தனி நிகழ்வை எழுப்பும். தொகுதி அதனைக் கேட்டு, 'பயிலரங்குப் பதிவுகளின் பெயரும் கைப்பேசியும் மாற்றப்படும்' என ஒரு வரி சேர்க்க. அவ்வரி ஏனைய வரிகளோடு திரையில் வந்து, தொடரலாமா என்னும் கேள்விக்கு முன் நிற்கும். படிப்போர் ஒருவரேனும் அவ்வரியைக் கண்டு, ஈது உண்மைத் தளம் அன்றோ எனத் திடுக்கிட்டு நிறுத்தின், அவ்வரி தன் பயனைப் பெற்றது.

செப்பும் இடமும் அறிந்து செப்புக. கட்டளைவரியில் வெளியீடு இருவழிப்படும்: தரவு செல்லும் வழி ஸ்டாண்டர்ட் அவுட்புட், செய்தி செல்லும் வழி ஸ்டாண்டர்ட் எரர். ட்ரஷ்ஷின் லாகர் வழி எழுதியது பின்னதில் செல்லும். எக்கோ என எழுதியதோ முன்னதில் புகும். கட்டளையின் விடையை ஜேசன் வடிவில் கேட்டு வேறொரு ஸ்கிரிப்ட் படிக்கும்போது, ஒரு தொகுதியின் எக்கோ வரி அதன் தலையில் ஏறினால் ஜேசன் முழுதும் கெடும். எழுதியவர் நல்லெண்ணத்தோடு எழுதிய ஒரு வரி, அறியாத ஒருவரின் பணியை நிறுத்திவிடும்.

"தகாதெனின் தொடங்கா முன்னர்த் தடுத்து" என்பது.

தகாமை யாதெனின், இவ்விடத்து இக்கட்டளை இயங்கலாகாது என்பது. சானிடைஸ் கட்டளையை உண்மைத் தளத்தில் இயக்கினால், மெய்யான மின்னஞ்சல்கள் யாவும் பொய்யாகும். படி எடுத்து வைத்திருந்தாலன்றி மீட்பில்லை. ஆதலின் தொகுதி அக்கட்டளைக்கு வேலிடேட் ஹுக் ஒன்றை எழுதி, செட்டிங்ஸ் கோப்பில் இத்தளம் மெய்த்தளம் எனக் குறித்திருப்பின் எக்செப்ஷன் எறிக. கமாண்ட்-எரர் என்னும் விடையைத் திருப்பித் தரினும் ஒக்கும். ட்ரஷ்ஷோடு வரும் எடுத்துக்காட்டுக் கோப்புகளுள் பாலிசி-கமாண்ட்ஸ் என்பது ஒன்று. தரவுத்தளத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஒத்திசைக்கும் கட்டளை, மெய்த்தளத்தின் மேல் எழுதப் புகுமாயின் சரிபார்ப்பு நிலையிலேயே அதனைத் தடுக்க அது கற்பிக்கும். அக்கோப்பைப் படியாதோர் இவ்வடியைப் பாதியே கற்றவர்.

சிம்ஃபனி நிகழ்வின் வழியாகவும் தடுக்கலாம். கட்டளை தொடங்கும் நிகழ்வில் டிஸேபிள்-கமாண்ட் எனச் சொல்லின் கட்டளை இயங்காது. அப்பொழுது வெளியேறும் எண் 113. அமைப்பு இறக்குமதிக்கு ட்ரூபலே சரிபார்ப்பு நிகழ்வு வைத்துள்ளது. அதில் இறக்குமதியாளரிடம் லாக்-எரர் என ஒரு பிழையைப் பதிந்தால் இறக்குமதி முழுதும் நிற்கும்.

'தொடங்கா முன்னர்' என வரைந்து கூறியது என்னை எனின், தொடங்கியபின் தடுத்தல் பெரும்பாலும் தடுத்தல் ஆகாமையின். டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளைகளை மைஎஸ்க்யூஎல் தானே நிலைப்படுத்திவிடும். அதன்பின் ரோல்பேக் எனக் கூவினும் மீளாது. பாதி துடைத்த தளம், துடையாத தளத்தினும் துடைத்த தளத்தினும் தீது. எது மெய், எது பொய் என ஒருவராலும் சொல்லலாகாமையின்.

"முடிவில் எண்ணால் உண்மை இயம்பல்" என்பது.

எண்ணாவது வெளியேறும் எண். சுழியம் எனின் நன்கு முடிந்தது; வேறெவ்வெண் எனினும் முடியவில்லை. 'சொல்லால்' என்னாது 'எண்ணால்' என்றது, கட்டளைவரியின் மறுபுறம் பெரும்பாலும் மக்கள் இன்மையின். அங்கு நிற்பது மற்றொரு ஸ்கிரிப்ட்; அது பச்சை எழுத்தையும் சிவப்பு எழுத்தையும் காணாது, எண் ஒன்றையே காணும். ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டளைகளை இணைக்கும் இரட்டை ஆம்பர்சாண்ட் குறி, முன்னது சுழியம் தந்தாலன்றிப் பின்னதை இயக்காது. தளப் புதுப்பிப்புக்கென ட்ரஷ் டிப்ளாய் என்னும் கட்டளை தரவுத்தளப் புதுப்பிப்பு, அமைப்பு இறக்குமதி முதலியவற்றை வரிசையாக நடத்துவதும் இவ்வெண்ணை நம்பியே.

'உண்மை' என்றமையால் பொய்யும் இயலும் என்பது பெற்றாம். அது நிகழுமாறு: தொகுதியின் மெத்தட் தன் வினை முழுவதையும் ட்ரை, கேட்ச் எனச் சூழ்ந்து, எழுந்த எக்செப்ஷனைப் பிடித்து, லாகரில் 'பிழை' என எழுதிவிட்டுத் திரும்புகிறது. எழுதியவர் பொறுப்புடன் நடந்ததாக எண்ணுவர். ஆயின் லாகரில் பிழை எழுதுதல் மட்டும் வெளியேறும் எண்ணை மாற்றாது. கட்டளை சுழியம் என்றே சொல்லி வெளியேறும். துடைப்பு பாதியில் நின்றும், அடுத்த கட்டளை அந்தப் படியை வெளியே அனுப்பும். ஆதலின் தன்னால் சீர்செய்ய இயலாத எக்செப்ஷனைப் பிடிக்கற்க. பிடித்தாலும் எழுதியபின் மீள எறிக.

"கடனே என்ப கற்றறிந் தோரே" என்பது.

கடனே என்புழி ஏகாரம் தேற்றம். விருப்பம் அன்று என்பது பட நின்றது. ஈற்றேகாரம் அசை. 'அத்தொகுதிக்கு' என்பது சொல்லெச்சமாய் வந்து 'கடன்' என்பதனோடு முடிந்தது.

இவ்வுரை கற்போர் இதனைக் கையாலும் கற்க. சோதனைத் தளம் ஒன்றில் வெற்றுத் தொகுதி ஒன்றை அமைத்து, சானிடைஸ் கட்டளைக்கு வேலிடேட் ஹுக் எழுதி, அதனுள் எக்செப்ஷன் ஒன்றை எறிந்து, கட்டளையை இயக்குக. உடனே எக்கோ எனத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, டாலர் குறியும் வினாக்குறியும் சேர்த்து என்டர் இடுக. சுழியம் அல்லாத எண் ஒன்று தோன்றும். சுழியம் தோன்றின் ஹுக்கின் பெயரையும் கோப்பு இருக்கும் அடைவையும் மீளப் பார்க்க.